டிஸ்க் பெண்டை வீட்லயே எடுக்கலாமா?

கேள்வி: என்கிட்ட 2004 மாருதி 800 இருக்குங்க. பள்ளத்துல இறங்கினதுல முன்பக்க இடது வீல் டிஸ்க்கோட (டயர் மாட்டுற இரும்புச் சக்கரம்) விளிம்பு ஒரு இடத்துல உள்ள மடங்கிருச்சு, அடிக்கடி காத்து இறங்குது. பஞ்சர் கடைல ட்யூப் போட்டுக்கச் சொல்றாங்க. நானே தட்டி எடுக்கலாமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: எடுக்கலாம். இது அலாய் இல்ல, இரும்பு டிஸ்க், தட்டினா சொன்னபடி கேக்கும். ட்யூப் போட்டா காத்து நிக்கும், ஆனா பெண்டு அப்படியேதான இருக்கும், ஸ்டியரிங் உதறல் போகாது. ஒண்ணு மட்டும், நெளிஞ்சது விளிம்புதானான்னு நல்லா பாருங்க, நட்டு ஓட்டைய சுத்தியோ வெல்டிங் ஓரத்துலயோ விரிசல் இருந்தா சுத்தியலையே எடுக்காதீங்க, பழைய இரும்புக்குப் போட்டுட்டு வேற வாங்கிருங்க.

டயரோட தட்டவே கூடாது. கடைலயே டயரக் கழட்டிட்டு டிஸ்க்க மட்டும் கொண்டு வாங்க, வீட்ல கழட்டறது பெரிய ரோதனை. மடங்கின இடம் கீழ வர்ற மாதிரி டிஸ்க்க மரக்கட்டை மேல நிக்க வெச்சு, உள்பக்கம் இன்னொரு கெட்டியான கட்டைய அண்டக் குடுத்து ரெண்டு கிலோ சுத்தியலால கீழ்நோக்கி தட்டுங்க, நேரா இரும்பு மேல அடிச்சா தழும்பு விழுந்து அதுலயே காத்து போகும். பள்ளத்தோட ரெண்டு ஓரத்துலேர்ந்து நடுவுக்கு வாங்க, அவசரமே வேணாம். காய்ச்சி அடிக்கச் சொல்றவங்க பேச்ச கேக்காதீங்க, செவக்கச் செவக்க சூடு பண்ணினா அந்த இடம் பலமில்லாம போயிரும், டயரோட சூடு பண்ணினா வெடிக்கவே வெடிக்கும்.

அப்புறம் டயர் இல்லாமலே வண்டில மாட்டுங்க. ஹேண்ட்பிரேக் போட்டு, பின் வீலுக்கு கல்லு குடுத்து, நியூட்ரல்ல வெச்சு, ஜாக்கிய மட்டும் நம்பாம ஸ்டாண்டும் குடுத்துத் தூக்குங்க. செங்கல் மேல ஒரு கம்பிய விளிம்ப ஒட்டி வெச்சுட்டு கையால சுத்துனா எங்க இடிக்குது எங்க விலகுதுன்னு தெரிஞ்சிரும், 1 மில்லிமீட்டருக்குள்ள ஆட்டம் இருந்தா போதும்.

டயர் உக்கார்ற இடத்துல துருவ கம்பி பிரஷ், உப்புத்தாள் போட்டு எடுத்துட்டு மெல்லிசா ரெட் ஆக்சைடு (துரு பிடிக்காம இருக்க அடிக்கிற பெயிண்ட்) அடிங்க. நட்டு உக்கார்ற குழில மட்டும் பெயிண்ட் வேணாம், பெயிண்ட் நசுங்கி நட்டு லூசாகும். டயர் மாட்டி காத்தடிச்சதும் விளிம்பு முழுக்க சோப்புத் தண்ணி ஊத்திப் பாருங்க, குமிழி வரலன்னா பேலன்ஸிங் பண்ணிட்டு ஓட்டுங்க, அதே இடத்துல திரும்பக் குமிழி வந்தா மறுபடி தட்டாம டிஸ்க்க மாத்திருங்க, ஸ்டெப்னியாக்கூட வெச்சுக்க வேணாம்.