சார்ஜர் செருக இடமில்லாத போன் வருமா?

அன்புள்ள சார்,

அம்மாவுக்குப் புது போன் வாங்க வேண்டும். இனி வரும் போன்களில் சார்ஜர் செருகும் இடமே இருக்காது, எல்லாம் வயர்லெஸ்தான் என்கிறார்கள் அலுவலக நண்பர்கள். தானாகவே சாகப்போகிற ஒன்றுக்காக ஐரோப்பாவில் சட்டம் போட்டு எல்லாரையும் டைப்-சிக்கு மாற்றியது வீண் வேலை என்பது அவர்கள் வாதம். உங்கள் கருத்து என்ன? இப்போதே வயர்லெஸ் சார்ஜிங் உள்ள போனாகப் பார்த்து வாங்கிவிடட்டுமா?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

சார்ஜிங் போர்ட் இப்போதைக்குப் போகாது. போகவும் கூடாது என்பது என் கட்சி.

உங்கள் நண்பர்கள் ஆதாரமில்லாமல் பேசவில்லை. 2019 ஜனவரியில் சீனாவின் மெய்சூ நிறுவனம் ‘சீரோ’ என்றொரு போனை அறிவித்தது. போர்ட் இல்லை, பட்டன் இல்லை, சிம் போடும் இடம்கூட இல்லை. மக்களிடம் முன்பணம் திரட்டிப் பார்த்தார்கள். ஒரு லட்சம் டாலர் இலக்கில் பாதிகூடத் தேறவில்லை. அதே மாதம் விவோவும் அப்படி ஒரு மாதிரியைக் காட்டியது, அதுவும் விற்பனைக்கு வரவில்லை. 2020-இல் ஐபோன் 12-இன் முதுகில் காந்தம் வைத்து ஆப்பிள் வயர்லெஸ் சார்ஜிங்கைக் கொண்டுவந்தபோது, அடுத்த ஆண்டே போர்ட் போய்விடும் என்று பலரும் எழுதினார்கள். 2025-இல் வந்த ஐபோன் ஏர் வெறும் 5.6 மில்லிமீட்டர் தடிமன்தான். அதிலும் டைப்-சி போர்ட் இருக்கிறது.

சட்டம் வீண் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 2009-இலேயே ஐரோப்பிய ஆணையம் நிறுவனங்களைக் கூப்பிட்டுப் பேசி, எல்லாருக்கும் மைக்ரோ யூஎஸ்பி என்று ஓர் உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. ஆப்பிளும் கையெழுத்துப் போட்டது. ஆனால் போனில் போர்ட்டை மாற்றாமல், அதில் மாட்டும் மாற்று இணைப்பி (அடாப்டர்) ஒன்றைக் கொடுத்தால் போதும் என்று அதில் ஒரு சலுகை இருந்தது. ஆப்பிள் 2012-இல் லைட்னிங் என்று தனக்கென ஒரு போர்ட்டையே கொண்டுவந்தது. சொல்லிப் பார்த்தும் கேட்காததால்தான் 2022-இல் சட்டம் வந்தது. 2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பாவில் விற்பனைக்கு வரும் புது போன்களுக்கு டைப்-சி கட்டாயம். அதற்கு ஓராண்டு முன்னதாகவே ஐபோன் 15 டைப்-சிக்கு மாறிவிட்டது. நம் வீடுகளில் இன்று ஒரே வயரில் எல்லா போனும் சார்ஜ் ஆகிறதென்றால் அந்தச் சட்டத்துக்கும் அதில் பங்கு உண்டு.

எனக்குக் கவலை வேறு இடத்தில். வயர் வழியாக சார்ஜ் ஆகும் கருவிகளுக்குத்தான் அந்தச் சட்டம். வயரே வேண்டாத போன் ஒன்றை நாளை யாராவது கொண்டுவந்தால் அது தடுக்காது.

போர்ட் வழியாகக் கரண்ட் மட்டும் போவதில்லை. போன் கீழே விழுந்து டச் வேலை செய்யவில்லை, படம் மட்டும் தெரிகிறது என்று வையுங்கள். போர்ட்டில் ஓடிஜி என்ற சின்ன இணைப்பியை மாட்டி, அதில் கம்ப்யூட்டர் மவுஸைச் செருகினால், பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் திரையில் அம்புக்குறி வந்துவிடும். பாஸ்வேர்ட் போட்டு உள்ளே போய் எல்லா போட்டோவையும் எடுத்துவிடலாம். இதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். போர்ட் இல்லாத போனில் மிஞ்சுவது அந்த நிறுவனம் திறந்துவிடும் வழி மட்டும்தான். ஐபோன் 16 முதல், கெட்டுப்போன சாஃப்ட்வேரைப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு ஐபோன் மூலம் வயரில்லாமலே மீட்கும் வசதி வந்திருக்கிறது. நல்ல வசதிதான், ஆனால் அது ஆப்பிளுக்குள் மட்டும். போர்ட்டை எடுக்கிறவர்கள் அதற்கு முன்னால் இந்த மீட்பு வழியை எல்லாருக்கும் பொதுவாக்க வேண்டும் என்று சட்டம் சொல்ல வேண்டும். இதை இப்போதே கேட்க வேண்டும்.

போர்ட் அடிக்கடி கெட்டுப்போகிறதே என்பார்கள். ரிப்பேர் கடையில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் தெரியும். டைப்-சி போர்ட்டின் நடுவில் மெல்லிய நாக்கு ஒன்று இருக்கும். சட்டைப்பை நூலும் தூசியும் அதைச் சுற்றி விழ, நாம் செருகும் ஒவ்வொரு முறையும் அது அடியில் இறுகிக்கொண்டே போகும். கடைசியில் சார்ஜர் பின் முழுசாக உட்காராது, வயர் கழன்று விழும். கடைக்காரர் மெல்லிய ஊசியால் சாம்பல் நிறத்தில் ஒரு திரளை எடுத்துப் போட்டதும் போன் பழையபடி சார்ஜ் ஏறும். உண்மையிலேயே தேய்ந்திருந்தாலும், பல போன்களில் போர்ட் ஒரு தனிச் சின்ன சர்க்யூட் பலகையில் இருப்பதால் அதை மட்டும் மாற்றிவிடலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்குகள் லைட்னிங்கில் போனுக்குள் இருந்தன, டைப்-சியில் அவை வயரில் இருக்கின்றன. முதலில் தேய்வது வயராக இருக்கட்டும் என்று யோசித்துச் செய்தவர்களை நான் மனமாரப் பாராட்டுவேன்.

வயர்லெஸ்ஸில் கரண்ட் கொஞ்சம் வீணாகிறது, போன் சூடாகிறது, அந்தச் சூடு பேட்டரிக்கு ஆகாது. காந்தத்தோடு வரும் Qi2 (சீ2) என்ற புதிய வயர்லெஸ் சார்ஜிங் தரத்தில் போன் சரியான இடத்தில் ஒட்டிக்கொள்வதால் இது குறைகிறது, ஆனால் ஒரேயடியாகப் போய்விடவில்லை.

சரி, அம்மாவின் போனுக்கு வருகிறேன். கண்பார்வை மங்கியோ விரல் நடுங்கியோ பின்னைச் செருகுவது அவருக்குச் சிரமம் என்றால் வயர்லெஸ் உள்ளதையே வாங்கிக் கொடுங்கள், மேலே வைத்தால் போதும் என்பது அவருக்குப் பெரிய உதவி. அந்தச் சிரமம் இல்லையென்றால் அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். நல்ல பேட்டரியும் சத்தமான ஸ்பீக்கரும் உள்ளதாகப் பாருங்கள். பெட்டிக்குள் சார்ஜர் இருக்கிறதா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள், இப்போது பல போன்களோடு வயர் மட்டும்தான் வருகிறது.