ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை போட்ட செவிலியர் ரத்தப் பரிசோதனையும் செய்ய வேண்டுமா?

செய்துகொள்வதே நல்லது. ஹெபடைடிஸ் பி உள்ள நோயாளிக்குப் போட்ட ஊசி தவறுதலாகக் கையில் குத்திவிட்டால், தடுப்பாற்றல் இல்லாத ஊழியருக்குத் தொற்றும் வாய்ப்பு 6 முதல் 30 விழுக்காடு வரை இருக்கிறது. எச்ஐவி உள்ளவரின் ஊசியென்றால் அது ஏறத்தாழ 0.3 விழுக்காடுதான், ஆனாலும் வார்டில் பலரும் அஞ்சுவது எச்ஐவிக்குத்தான். உலர்ந்த ரத்தக் கறையிலும் ஹெபடைடிஸ் பி வைரஸ் குறைந்தது 7 நாள் தாக்குப்பிடிக்கும் என்பதால், விரிப்பு மாற்றுபவருக்கும் கழிவு அள்ளும் தூய்மைப் பணியாளருக்கும் தடுப்பூசி அவசியம்.

0, 1, 6 மாதங்களில் தவணைகளை முடித்தபின், 1 முதல் 2 மாதத்துக்குள் ரத்தத்தில் எதிர்ப்பொருள் (வைரஸை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதம்) அளவைப் பார்க்க வேண்டும். அது மில்லிலிட்டருக்கு 10 மில்லி சர்வதேச அலகோ அதற்கு மேலோ இருந்தால், பிற்காலத்தில் குறைந்தாலும் நோயெதிர்ப்பு நினைவு காப்பதால், உடல்நலமுள்ளவர்களுக்கு ஊக்கத் தவணை பொதுவாகத் தேவைப்படாது. 10க்குக் கீழிருந்தால் மீண்டும் ஒரு சுற்று போட்டுப் பார்ப்பார்கள். அப்போதும் அந்த அளவை எட்டாதவர், தொற்றுள்ள ஊசி குத்தினால், கூடுமானவரை 24 மணி நேரத்துக்குள் இம்யூனோகுளோபுலின் (ஆயத்தமான எதிர்ப்பொருள் அடங்கிய ஊசி) போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்; அந்த அவசரத்தில் தேடாதபடி, பரிசோதனை முடிவின் நகலைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசியே கிடையாது. ஊசிக்கு மறுபடி மூடி மாட்டாமல், போட்ட இடத்திலேயே கூர்முனைக் கழிவுப் பெட்டியில் போட்டுவிடுவது இரண்டுக்கும் பொருந்தும்.