வயல் வரப்பு ஸ்விஃப்ட்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

எங்கள் வயல் வரப்பில் வெட்டுக்காயப் பூண்டுப் பூக்களுக்குப் பழுப்பு நிற ஸ்கிப்பர் வண்ணத்துப்பூச்சிகள் நிறைய வருகின்றன. எல்லாவற்றுக்கும் இறகில் வெள்ளைப் புள்ளிகள். ரைஸ் ஸ்விஃப்ட் எது, ஸ்மால் பிராண்டட் ஸ்விஃப்ட் எது என்று எப்படிப் பிரிப்பது?
– வாசகர், மன்னார்குடி

ஸ்விஃப்ட்கள் ஸ்கிப்பர்களில் ஒரு வகை. முதலில் பின்னிறகின் அடிப்புறத்தைப் பாருங்கள். இறகை மூடி உட்காரும்போது தெரிவது அதுதான். உடலை ஒட்டித் தொடங்கி இறகின் நடுவரை நீளும், நரம்புகளுக்கு உட்பட்ட பெரிய அறைக்கு செல் என்று பெயர். செல்லுக்குள் தனியாக ஒரு சிறு வெள்ளைப் புள்ளியும், அதைத் தாண்டி வில்லாக வளைந்த புள்ளி வரிசையும் இருந்தால் அது பெலோபிடாஸ் பேரினம். ஸ்மால் பிராண்டட் ஸ்விஃப்ட் (பெலோபிடாஸ் மதியாஸ்) இந்த வகை. ரைஸ் ஸ்விஃப்ட்டுக்கு (போர்போ சின்னாரா) செல்லுக்குள் புள்ளி இருக்காது; வெளியே சில புள்ளிகள் மட்டுமே.

அடுத்து முன்னிறகின் மேற்புறம். மதியாஸ் ஆணுக்குச் செல்லுக்குக் கீழே, சாய்வாக, மெல்லிய சாம்பல்வெள்ளைக் கோடு ஓடும். இதுதான் பிராண்ட். ரைஸ் ஸ்விஃப்ட் ஆணுக்கு இது கிடையாது. அதன் முன்னிறகில் பின்விளிம்பை ஒட்டி ஒளி ஊடுருவாத, இளமஞ்சள் சாயலுள்ள ஒரு புள்ளி இருக்கும். பலரும் சறுக்குவது இங்கேதான். மதியாஸ் பெண்ணுக்குப் பிராண்ட் இல்லை. அந்த இடத்தில் ஒளி ஊடுருவாத புள்ளிகள் இருக்கும். மேற்புறப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு 'கோடு இல்லை, புள்ளி இருக்கிறது, ஆகவே ரைஸ் ஸ்விஃப்ட்' என்று எழுதினால் அந்தப் பெண் பூச்சிக்குத் தவறான பெயர் போய்விடும். பின்னிறகுச் செல்லைப் பார்த்த பிறகே பெயர் எழுதுங்கள்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். முன்னிறகின் கண்ணாடிப் புள்ளிகள், அதாவது ஒளி ஊடுருவும் புள்ளிகள், பூச்சிக்கு வயதானாலும் அழியாமல் நிற்கும். பின்னிறகின் அடிப்புறப் புள்ளிகள் செதில்களால் ஆனவை; உரசி உதிர்ந்துவிடும். விளிம்பு கிழிந்து நிறம் வெளுத்த பூச்சியில் செல் புள்ளி தெரியவில்லை என்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மதியாஸையும் அதே பேரினத்து அக்னாவையும் படத்தில் பிரிக்க முடியுமா?
– வாசகி, நாகர்கோவில்

ஆணாக இருந்தால் முடியும். முன்னிறகுச் செல்லில் இருக்கும் இரண்டு கண்ணாடிப் புள்ளிகளை இணைத்து ஒரு நேர்கோட்டைக் கற்பனை செய்து, பின்விளிம்பு நோக்கி நீட்டுங்கள். கோடு பிராண்டை வெட்டிச் சென்றால் மதியாஸ். அக்னாவின் பிராண்ட் குட்டையானது. கோடு அதை வெட்டாமல் முனையை ஒட்டியோ தாண்டியோ போகும்.

இந்தச் சோதனை படம் எடுக்கும் கோணத்தை நம்பியே இருக்கிறது. ஸ்விஃப்ட்கள் வெயில் காயும்போது பின்னிறகைத் தட்டையாக விரித்து, முன்னிறகைப் பாதி உயர்த்தி வைத்திருக்கும். நேர் மேலிருந்து எடுத்தால் முன்னிறகு குறுகித் தெரியும், கோடும் இடம் மாறிவிடும். சற்றுப் பக்கவாட்டில் சாய்ந்து, லென்ஸ் முன்னிறகுக்குச் செங்குத்தாக வரும்படி எடுங்கள். காலை வெயில் இதற்குத் தோதான நேரம். பூச்சி சட்டென்று பறந்துவிடும் என்பதால், உட்கார்ந்தவுடன் மூடிய இறகைப் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, பிறகு மேற்புறத்துக்குப் போங்கள். நேரடி ஃபிளாஷ் வேண்டாம். மஞ்சள் புள்ளியை வெள்ளையாக்கி, பிராண்டையும் மறைத்துவிடும்.

பெண்ணை இந்த வழியில் பிரிக்க வழியில்லை. 'பெலோபிடாஸ், பெண்' என்று பேரினத்தோடு நிறுத்துவதுதான் நேர்மையான பதிவு.

பின்னிறகின் அடிப்புறத்தில் ஒரு புள்ளிகூட இல்லாத கரும்பழுப்பு ஸ்விஃப்ட் என்ன?
– வாசகர், வால்பாறை

கால்டோரிஸ் பேரினத்து ஸ்விஃப்ட்டாகவோ பெயின்ட்பிரஷ் ஸ்விஃப்ட்டாகவோ இருக்கலாம். ஆணின் பின்னிறகு மேற்புறத்தில் கறுப்பு மயிர்க்கற்றை ஒன்று தூரிகைபோல் படிந்திருந்தால் பெயின்ட்பிரஷ். இறகு மூடிய படத்தில் அது தெரியவே தெரியாது.

தென்னங்கன்றின் ஓலையைச் சுருட்டும் புழுவிலிருந்து வரும் ஸ்கிப்பர் எது?
– வாசகி, பொள்ளாச்சி

இரண்டில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். புழுவின் மேல் நீண்ட வெள்ளை மெழுகு இழைகள் தொங்கினால் ஜயன்ட் ரெட்ஐ. வெளிவரும் பூச்சி பெரியது, கண் சிவப்பு, முன்னிறகில் பெரிய மஞ்சள் கண்ணாடிப் புள்ளிகள், பறப்பது அந்தி நேரத்தில். இழையில்லாத பச்சைப் புழு என்றால் இண்டியன் பாம் பாப். அதன் பின்னிறகு அடிப்புறத்தில் சாம்பல் பின்னணியில் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். ஸ்விஃப்ட்களுக்கு அங்கே இருப்பவை வெள்ளைப் புள்ளிகள் என்பதால் குழப்பமே வராது.