ஐ கோஸ் டு ஸ்கூல் – ஒரு கடிதம்

வணக்கம் சார்,

பெங்களூருக்குப் போன புதிதில் கன்னடம் கற்றுக்கொண்டதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். 'தப்புத் தப்பாகப் பேசித்தான் பேச வந்தது' என்று ஒரு வரி வருகிறது. எழுதுகிறவர்களுக்கு அது சரி. எனக்குக் கட்டுப்படியாகாது.

நான் விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன். 18 வருட சர்வீஸ். எட்டாம் வகுப்பில் 52 பிள்ளைகள், வாரம் ஒரு கட்டுரை. நோட்டுகளைப் பையில் சுமந்துபோய் வீட்டில் வைத்துத்தான் திருத்துகிறேன். போன மாதம் ஒரு மாணவி, 'மை ஃபாதர் கோ டு கேரளா. ஹி கம் பொங்கல்' என்று எழுதியிருந்தாள். 'கோஸ்', 'கம்ஸ்' என்று சிவப்பு மையில் திருத்தி, பத்து முறை இம்போசிஷன் கொடுத்தேன். எழுதினாள். யூனிட் டெஸ்டில் கோடிட்ட இடத்தையும் சரியாக நிரப்பினாள். அடுத்த வாரக் கட்டுரையில், 'ஐ கோஸ் டு ஸ்கூல். மை ஃபிரெண்ட்ஸ் கோஸ் டு ஸ்கூல்.' நோட்டை மூடி வைத்துவிட்டேன் சார். அன்றைக்கு மேற்கொண்டு திருத்த மனசு வரவில்லை.

வீட்டில் தமிழ், தெருவில் தமிழ், அதுதான் குறுக்கே வந்து விழுகிறது என்கிறார்கள் எங்கள் ஸ்டாஃப் ரூமில். அப்படித்தானா? திருத்துவதையே விட்டுவிடலாமா? விட்டால் கல்வி அலுவலர் வரும்போது எதைக் காட்டுவது?

பெயர் போட வேண்டாம்.

ஓர் ஆங்கில ஆசிரியை

---

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த 'ஐ கோஸ்'தான். நீங்கள் நோட்டை மூடிய இடத்தில் நானாக இருந்தால் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு ஒரு மிட்டாய் கொடுத்திருப்பேன். கிண்டல் இல்லை, காரணம் சொல்கிறேன். அதற்கு முதலில் என் மானம் போன கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் கட்டுரையில் இடம் போதாமல் விட்டுப்போனது.

பெங்களூர் போய் மூன்று மாதத்தில் நானாக ஒரு சூத்திரம் கண்டுபிடித்தேன். நம்முடைய பால் அங்கே ஹாலு. பத்து ஹத்து. புலி ஹுலி, பல் ஹல்லு, பூ ஹூவு. ஆக, 'ப'வில் தொடங்கும் தமிழ்ச் சொல்லை 'ஹ' ஆக்கினால் கன்னடம் தயார். சூத்திரம் பொய்யும் இல்லை. பழங்கன்னடத்தில் 'ப'வாக இருந்ததுதான் பிற்காலத்தில் 'ஹ' ஆனது. இந்தத் தெம்பில் மல்லேஸ்வரத்தில் ஒரு பாத்திரக் கடைக்குப் போய், 'ஹாத்ரெ பேக்கு' என்றேன். (வேண்டும் என்பதற்குக் கன்னடத்தில் 'பேக்கு' என்பதே எனக்குப் பழகச் சில வாரம் ஆயிற்று.) கடைக்கார அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. கையால் குண்டான் மாதிரி வரைந்து காட்டினேன். 'ஓ, பாத்ரெயா!' என்று சிரித்தார். பாத்திரம் வடமொழியிலிருந்து வந்த சொல். கன்னடத்தில் அது 'ஹ'வாக மாறவே இல்லை.

இந்தத் தப்பு எங்கிருந்து வந்தது? தமிழில் 'ஹாத்ரெ' கிடையாது. கன்னடத்திலும் கிடையாது. எந்தக் கன்னடக்காரர் வாயிலும் நான் அதைக் கேட்டிருக்க முடியாது. கேட்ட ஐந்தாறு சொல்லை வைத்து நானே ஒரு விதி செய்து, அதை ஓட்டிப் பார்த்தேன். வண்டி அந்தக் கடைவாசலில் முட்டியது.

உங்கள் மாணவி செய்ததும் இதுதான். 'ஐ கோஸ்' என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. போன மாதம் வரை அவள் ஆங்கிலத்தில் அந்த 'ஸ்' இல்லவே இல்லை. இப்போது இருக்கிறது. எங்கே ஒட்டுவது, எங்கே ஒட்டக்கூடாது என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றிலும் ஒட்டிப் பார்க்கிறாள். 1967-இல் பிட் கார்டர் என்ற மொழியியலாளர் இதைத்தான் எழுதினார்: கற்பவரின் பிழை குப்பை அல்ல, அவர் மனசுக்குள் இந்த நேரத்தில் எந்த விதி ஓடுகிறது என்பதற்குக் கிடைக்கும் தடயம். ஐந்து வருடம் கழித்து லாரி செலிங்கர் இதற்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் இடைமொழி என்று சொல்லலாம். தாய்மொழியும் இல்லை, படிக்கிற மொழியும் இல்லை; நடுவில் கற்பவர் தனக்கென்று கட்டிக்கொள்ளும் ஒரு மொழி. அதற்கென்று ஒழுங்கான இலக்கணமும் உண்டு. உங்களிடம் 52 பிள்ளைகள் என்றால் 52 இடைமொழிகள்.

அடுத்தது உங்கள் ஸ்டாஃப் ரூம் தீர்ப்பு. தமிழ் குறுக்கே வருகிறதாம். இந்த 'ஸ்' விஷயத்தில் அந்தப் பழியைத் தமிழ்மேல் போட முடியாது. நான் போறேன், நீ போற, அவன் போறான், அவ போறா, அவங்க போறாங்க. ஆளுக்கு ஆள் வினையின் வாலை மாற்றியே தீர வேண்டிய மொழி நம்முடையது. வாலே இல்லாமல் எல்லாருக்கும் 'போகுன்னு' என்று ஒரே சொல்லை வைத்துக்கொள்ளும் மலையாளத்துப் பிள்ளை 'ஹி கோ' என்று எழுதினாலாவது தாய்மொழியைக் குற்றம் சொல்லலாம். நம் பிள்ளைகளுக்கு அந்தச் சாக்கு இல்லை. ஆனாலும் எழுதுகிறார்கள்.

ஆங்கிலம் தாய்மொழியான குழந்தைகளுக்கும் இது எளிதில் வருவதில்லை என்பதுதான் வேடிக்கை. ஹார்வர்டில் ராஜர் பிரவுன் மூன்று அமெரிக்கக் குழந்தைகளின் பேச்சை வருடக்கணக்கில் பதிவு செய்து, 14 இலக்கண உருபுகள் எந்த வரிசையில் வருகின்றன என்று பார்த்தார். புத்தகம் 1973-இல் வந்தது. 'இங்' முதலில் வந்தது. பன்மை 'ஸ்' சீக்கிரமே வந்தது. 'ஹி கோஸ்' வகை 'ஸ்' வரிசையின் பின்பாதியில். அடுத்த வருடமே ஹைடி டூலேயும் மரினா பர்ட்டும் ஸ்பானிஷ் வீட்டுப் பிள்ளைகள், சீன வீட்டுப் பிள்ளைகள் என இரண்டு கூட்டத்தைச் சோதித்தார்கள். தாய்மொழிகளுக்குள் ஒட்டுறவே இல்லை. ஆனால் இரு கூட்டத்திலும் உருபுகளின் வரிசை ஏறக்குறைய ஒன்றுதான். அவர்கள் சோதித்த விதத்தில் குறை கண்டவர்கள் உண்டு. தாய்மொழி வரிசையைக் கொஞ்சம் இழுக்கும் என்று பின்னால் வந்த ஆய்வுகளும் காட்டின. ஜப்பானிய, கொரிய, சீனக்காரர்களுக்கு 'தி', 'எ' எல்லாம் தாமதமாகிறது. நமக்கும் அப்படித்தான்; 'தி' விஷயத்தில் உங்கள் சகாக்கள் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 'ஹி கோஸ்' எல்லாருக்குமே தாமதம்.

ஏன் என்பதற்கு எனக்குத் தோன்றும் காரணம் இது. தமிழில் அந்த வால் வேலை செய்கிறது. 'போறா' என்றால் போதும், ஒரு பெண் போகிறாள் என்று தெரிந்துவிடும். 'அவள்' என்று தனியாகச் சொல்லவே வேண்டாம். ஆங்கிலத்தில் 'ஹி'யோ 'மை ஃபாதர்'ரோ வாக்கியத்தின் தலையில் உட்கார்ந்து எல்லாத் தகவலையும் சொல்லிவிடுகிறது. அப்புறம் வருகிற 'ஸ்' சும்மா கூட வருகிற ஆள். அதை எடுத்துவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. 'மை ஃபாதர் கோ டு கேரளா' என்பதில் உங்களுக்குப் புரியாமல் போனது ஏதாவது உண்டா? அந்தப் பெண் தன் ஊரில் நடப்பதைச் சொன்னாள். அப்பா வேலைக்குக் கேரளா போயிருக்கிறார், பொங்கலுக்கு வருவார். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன் டீச்சர். அவர் வந்தாரா என்று எங்கேயும் இல்லை. இது உங்கள்மேல் குறை இல்லை. 52 நோட்டுக்கு நடுவில் கேட்க முடியாது. ஆனால் கேட்க முடியாதபடி அந்த நோட்டு அமைந்திருக்கிறது என்பது முக்கியம்.

டெஸ்டில் சரியாக எழுதியவள் கட்டுரையில் ஏன் தப்பு விட்டாள் என்கிறீர்கள். கனடாவின் கியூபெக்கில் லிடியா வைட் செய்த ஓர் ஆய்வு 1991-இல் வெளியானது. பிரெஞ்சு பேசும் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, ஆங்கிலத்தில் வினையடை எங்கே வரும் என்று இரண்டு வாரம் விதி சொல்லி, திருத்தி, பயிற்சி கொடுத்துக் கற்பித்தார்கள். முடிந்ததும் வைத்த டெஸ்டில் நல்ல முன்னேற்றம். ஐந்து வாரம் கழித்தும் நின்றது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் பழைய இடத்துக்கே வந்துவிட்டார்கள். ஆனால் கேள்வி வாக்கியம் அமைப்பதைக் கற்பித்த இன்னொரு ஆய்வில் முன்னேற்றம் நிலைத்தது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? வகுப்பில் கேள்வி நாள் முழுக்கக் காதில் விழுகிறது, வாயிலும் வருகிறது. அந்த வினையடை வாக்கியம் பாடம் முடிந்ததோடு போயிற்று. உங்கள் இம்போசிஷன் அந்த வினையடை ரகம்.

சரி, வேறென்ன செய்வது? இதற்கு நான் கனடா வரை போக வேண்டியதில்லை. உங்களுக்குப் பக்கத்து ஊரிலேயே நடந்திருக்கிறது.

சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என். எஸ். பிரபு 1979-இல் ஒரு பரிசோதனை தொடங்கினார். உலகம் அதை பெங்களூர் திட்டம் என்கிறது. ஆனால் வகுப்புகள் பெங்களூரில் மட்டும் இல்லை, சென்னையிலும் கடலூரிலும் நடந்தன. வெளிநாட்டில் ஆங்கில ஆசிரியப் பயிற்சிக்குப் போகிறவர்கள் இன்றும் இதைப் பாடமாகப் படிக்கிறார்கள், கடலூர்க்காரர்களுக்கே தெரியாது. அன்றைக்குத் தென்னிந்தியப் பள்ளிகளில் 'திஸ் இஸ் எ பென்' பாணி ஸ்ட்ரக்சுரல் சிலபஸ்தான் ராஜா. ஒரு வாக்கிய அமைப்பு, அதில் நூறு பயிற்சி, பிறகு அடுத்தது. பிரபு இலக்கணப் பட்டியலையே தூக்கி எறிந்தார். பிள்ளையின் கவனம் அர்த்தத்தில் இருக்கும்போதுதான் வடிவம் உள்ளே இறங்கும் என்பது அவர் பந்தயம்.

வகுப்பு எப்படி நடக்கும்? ரயில் கால அட்டவணை ஒன்றை ஆசிரியர் போர்டில் எழுதுவார். இந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பும், அங்கே எவ்வளவு நேரம் நிற்கும், அதைப் பிடித்தால் இதைப் பிடிக்கலாமா என்று வகுப்போடு பேசிப் பேசித் தீர்ப்பார். பிறகு அதே மாதிரி வேறொரு அட்டவணை. பிள்ளைகள் தாங்களாகவே எழுத்தில் செய்ய வேண்டும். மார்க் விடைக்கு, ஆங்கிலத்துக்கு இல்லை. 'டிரெயின் கோ டென் தர்ட்டி' என்று எழுதினாலும் நேரம் சரியென்றால் சரி. பேச்சில் பிழை வந்தால் ஆசிரியர் சரியான வடிவத்தைச் சொல்லிவிட்டு மேலே போவார். அங்கேயே பாயை விரித்து உட்கார மாட்டார். வேலை எவ்வளவு கடினமாக இருக்கலாம் என்பதற்கு பிரபுவிடம் ஓர் அளவு இருந்தது: வகுப்பில் குறைந்தது பாதிப் பேர், குறைந்தது பாதிக் கேள்விகளைச் சரியாகப் போட வேண்டும். இந்த ஒரு வரியை நான் பல ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறேன். இன்னொன்று, குழு குழுவாக உட்காரவைத்துப் பேசவிடுவதில் அவருக்கு ஆர்வமில்லை. பிள்ளைகள் தங்களுக்குள் பேசும் அரைகுறை மொழியே இறுகிப்போகும் என்று பயந்தார். 52 பேர் இருக்கும் உங்கள் வகுப்புக்கு இது ஒரு சௌகரியம்.

பலன்? ஆலன் பெரெட்டாவும் ஆலன் டேவிஸும் இந்த வகுப்புகளைப் பழைய முறை வகுப்புகளோடு ஒப்பிட்டு 1985-இல் எழுதினார்கள். பழைய முறைப் பிள்ளைகள் இலக்கணப் பரீட்சையில் முந்தினார்கள். பிரபுவின் பிள்ளைகள் தாங்கள் பழகிய வகைப் பரீட்சையில் முந்தினார்கள். இருவருக்கும் பொதுவான பரீட்சைகளில் பிரபுவின் பிள்ளைகள் மேல். இதைப் பெரிய வெற்றி என்று நான் கொட்டு அடிக்க மாட்டேன். விருப்பப்பட்டு வந்த, ஆங்கிலத்தில் கைதேர்ந்த ஆசிரியர்கள் எடுத்த வகுப்புகள் அவை. அவர்கள் எதை எடுத்தாலும் ஓரளவு ஓடியிருக்கும். ஆனால் இலக்கணத்தைப் பட்டியல் போட்டுக் கற்பிக்காவிட்டால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்ற பயத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. எனக்கு அது போதும்.

அதற்காகத் திருத்தவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ராய் லிஸ்டரும் லைலா ராண்டாவும் மான்ட்ரியால் பக்கம் பிரெஞ்சு வழி வகுப்புகளைக் கவனித்து 1997-இல் எழுதினார்கள். ஆசிரியர்களின் திருத்தத்தில் 55 சதவீதம், பிள்ளை தப்பாகச் சொன்னதை ஆசிரியரே சரியாகத் திருப்பிச் சொல்வது. அதற்குப் பிள்ளைகளிடமிருந்து ஏதாவது ஒரு எதிர்வினை வந்தது 31 சதவீதம்தான். 'என்ன சொன்னே? இன்னொரு தடவை சொல்லு' என்று பந்தை அவர்கள் பக்கமே தள்ளியபோது தாங்களாகவே சரிசெய்வது கூடியது. ஆகவே நோட்டில் விடையை எழுதாதீர்கள். அந்த வாரத்துக்கு ஒரே ஒரு விஷயம், அதன் கீழே ஒரு கோடு. அவளே கண்டுபிடிக்கட்டும். சிவப்பு மை அலுவலருக்குத் தெரியும், உங்களுக்கும் தூக்கம் மிஞ்சும். பக்கத்துக்கு ஒரு டிக்கும் தேதியோடு கையெழுத்தும் இருந்தால் பெரும்பாலும் புரட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நானும் சில வருடம் வாத்தியார் வேலை பார்த்தவன்தான்.

அடுத்த வாரக் கட்டுரைக்குப் பதில் இதைக் கொடுத்துப் பாருங்கள். ஒருவர் பாலக்காட்டில் வேலை பார்க்கிறார். போகிக்கு முந்தின நாள் சாயங்காலம் 6 மணிக்குத்தான் வேலை முடியும். பொங்கல் பானை பொங்குவதற்குள் விழுப்புரம் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து உங்கள் ஊர் சேர வேண்டும். ரயில் நேரமும் டவுன் பஸ் நேரமும் போர்டில். எந்த வண்டி, எங்கே மாற வேண்டும், எத்தனை மணிக்கு வீடு? வண்டி நேரத்தை மட்டும் உண்மையானதாகப் பார்த்துப் போடுங்கள். அப்பா கேரளாவில் இருக்கிற பிள்ளைகளுக்கு அது மனப்பாடமாகத் தெரியும். நீங்கள் தப்பாகப் போட்டால் திருத்திவிடுவார்கள்.