மாடி எடுக்கப் பழைய அனுமதி போதுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 20க்கு 60 அடி மனையில் 2009-ல் முறைப்படி அனுமதி வாங்கித் தரைத்தளம் கட்டினோம். இப்போது மகனுக்காக மேலே 600 சதுர அடி எடுக்க நினைக்கிறோம். "கீழே அப்ரூவல் இருக்கு, மேலே எடுக்கத் தனியா எதுவும் வேண்டாம்" என்கிறார் மேஸ்திரி. சரியா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: சரியில்லை அம்மா. 2009-ல் கிடைத்த அனுமதி அந்த வரைபடத்தில் உள்ள தளத்துக்கு மட்டும்தான். பரப்போ உயரமோ கூடினால் அது புதுக் கட்டுமானம்; புது அனுமதி வேண்டும்.

பழைய வரைபடத்தைத் தேடி எடுங்கள். டேப்பைப் பிடித்து வீட்டை அளந்து, அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலான விண்ணப்பங்கள் சிக்குவது இங்கேதான். போர்டிகோவை அடைத்து அறையாக்கியிருப்பார்கள், பக்கச் சந்தில் ஷீட் போட்டு ஸ்டோர் ரூம் வைத்திருப்பார்கள். வரைபடத்தில் இல்லாத அந்தப் பகுதியை மறைத்து மாடிக்கு மட்டும் விண்ணப்பித்தால், நேரில் பார்க்க வரும்போது திருப்பி அனுப்பிவிடுவார்கள். புது வரைபடத்தில், ஏற்கெனவே இருக்கும் பகுதியைக் கறுப்பிலும், கட்டப்போவதைச் சிவப்பிலும், இடிக்கப்போவதை மஞ்சளிலும் பொறியாளர் காட்ட வேண்டும். கிரையப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, பழைய அனுமதி நகல் ஆகியவற்றோடு, பதிவு பெற்ற பொறியாளர் மூலம் இணையத்தில் விண்ணப்பியுங்கள். பத்திரம் மறைந்தவர் பெயரில் இருந்தால் பட்டாவை முதலில் மாற்றிக்கொள்ளுங்கள்.

பரப்பளவு உங்களுக்குத் தடையாக இருக்காது. 2019-ம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் சாதாரண வீடுகளுக்குத் தளப்பரப்புக் குறியீடு 2. அதாவது மனைப் பரப்பைப் போல இரண்டு மடங்கு: 1,200 சதுர அடி மனையில் 2,400 வரை கட்டலாம். சிக்கல் தருவது, வீட்டுச் சுவருக்கும் மனை எல்லைக்கும் நடுவே விட வேண்டிய பக்க இடைவெளிதான். மனையின் அகலத்தையும் கட்டடத்தின் உயரத்தையும் வைத்தே அது கணக்கிடப்படுகிறது. 20 அடி அகலத்தில் வெளிப்படிக்கட்டு எங்கே இறங்குகிறது என்பதை வரைபடத்திலேயே முடிவு செய்யுங்கள். கட்டிய பிறகு யோசித்தால் படிக்கட்டு பக்க இடைவெளியை விழுங்கிவிடும்.

தெருவில் மின்கம்பி போகிறதா? 11 கே.வி. கம்பிக்கும் சுவருக்கும் பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டர், கட்டடத்துக்கு மேலாகப் போனால் 3.7 மீட்டர் இருக்க வேண்டும். தரைத்தளத்துக்கு எட்டாத கம்பி, மாடிப் பால்கனியில் நிற்பவர் கைக்கு எட்டிவிடும்.

அனுமதியைவிட எங்களுக்குக் கவலை அஸ்திவாரம்தான். 5 அங்குலக் கான்கிரீட் தளம் 600 சதுர அடிக்கு 17 டன்னுக்கு மேல் கனக்கும். சுவர், தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதற்கு மேல். பில்லர் இல்லாத, சுவரே தாங்கும் வீடு என்றால், சுவரோரம் ஓரிடத்தில் மட்டும் 2 அடி அகலத்துக்குக் குழி எடுத்து அஸ்திவாரத்தின் ஆழத்தையும் அகலத்தையும் பொறியாளரைப் பார்க்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் வேண்டாம், பார்த்ததும் மூடிவிடுங்கள். மாடிச் சுவர் கீழ்ச்சுவரின் மேலேயே வர வேண்டும். "இங்க ஒரு பாத்ரூம் வச்சுக்கலாம்" என்று பீம் இல்லாத தளத்தின் நடுவில் சுவர் எழுப்பினால், தளம் தொய்ந்து கீழ் ஹாலில் விரிசல் தெரியும்.

அனுமதியில்லாமல் தொடங்கினால் 1971-ம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57-ம் பிரிவுகளின்படி நோட்டீஸ் வரும். வேலையை நிறுத்தலாம், சீல் வைக்கலாம்.

கேள்வி: சமையலறைக்கும் ஹாலுக்கும் இடையிலுள்ள சுவரை எடுத்துவிட்டு, டைல்ஸ் மாற்றி, ஒரு ஜன்னலைக் கதவாக்கப் போகிறோம். அனுமதி தேவையா?
– வாசகர், திருப்பூர்

பதில்: டைல்ஸ், பூச்சு, பெயின்ட், பழைய கதவை மாற்றுவது ஆகியவற்றுக்குத் தேவையில்லை. ஜன்னலைக் கதவாக்குவது உங்கள் இடத்துக்குள் திறந்தால் பிரச்சினை இல்லை. பக்கத்து மனையையோ தெருவையோ பார்த்துத் திறந்தால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

சுவர் விஷயம் வேறு. 9 அங்குலச் சுவர் என்றால் மேல்தளம் அதில் உட்கார்ந்திருக்கக்கூடும். இருபுறமும் தளத்துக்கு முட்டுக் கொடுத்து, பீம் போட்டு, கான்கிரீட் பலமேறிய பிறகே முட்டுகளை எடுக்க வேண்டும். உடைத்துவிட்டு அப்புறம் பீமைப் பற்றி யோசிப்பவர்களிடம் இந்த வேலையைத் தராதீர்கள். அடுக்ககம் என்றால் பில்லரிலும் பீமிலும் உளியே படக்கூடாது. குழாய் போக ஓட்டை போடுவதும் கூடாது.

கேள்வி: எங்கள் மனை அங்கீகாரம் இல்லாதது. வீட்டு வரி கட்டுகிறோம், மின் இணைப்பும் இருக்கிறது. பின்னால் ஓர் அறை கட்ட அனுமதி கிடைக்குமா?
– வாசகர், மதுரை

பதில்: மனை வரன்முறைதான் முதல் படி, அதாவது அங்கீகாரம் இல்லாத மனையை அரசிடம் முறைப்படுத்திக்கொள்வது. 2017-ம் ஆண்டு விதிகளின்படி, மனைப்பிரிவில் ஒரு மனையாவது 20.10.2016-க்குள் பத்திரப்பதிவாகி விற்கப்பட்டிருக்க வேண்டும். பத்திரத் தேதியைப் பாருங்கள். வரன்முறை உத்தரவு கையில் வந்த பிறகே அறைக்கான வரைபடத்தைக் கொடுங்கள். வரி ரசீதும் மின் அட்டையும் நீங்கள் அங்கே குடியிருப்பதைக் காட்டும். கட்டட அனுமதிக்கு அவை ஈடாகாது.