ஓடுகிறது, ஆனால் பொருந்தவில்லை: மாதிரி ரயில் வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: என்னிடம் எச்.ஓ. (HO) அளவுத் தண்டவாளமும் ஆறு பயணிகள் பெட்டிகளும் இருக்கின்றன. "இதே தண்டவாளத்தில் ஓடும்" என்று கடைக்காரர் சொன்னதால் ஓ.ஓ. (OO) அளவு இன்ஜின் ஒன்று வாங்கினேன். ஓடத்தான் செய்கிறது. ஆனால் என் பெட்டிகளோடு சேர்த்தால் ஏதோ இடிக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: கடைக்காரர் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்லாமல் விட்டுவிட்டார். நீங்கள் கேட்டது கேஜ் பற்றி. கேட்காமல் விட்டது ஸ்கேல் பற்றி. இரண்டு தண்டவாளங்களின் உள்விளிம்புகளுக்கு இடையே உள்ள தூரம்தான் கேஜ். அசல் ரயிலை எத்தனை மடங்கு சுருக்கியிருக்கிறார்கள் என்பது ஸ்கேல். வண்டி தடம் ஏறுமா என்பதைக் கேஜ் சொல்லும். பக்கத்தில் நிற்கும் பெட்டியோடும் நடைமேடையோடும் ஒத்துப்போகுமா என்பதை ஸ்கேல்தான் சொல்லும்.

எச்.ஓ. என்பது 1:87. உலகில் பரவலாக உள்ள 1435 மி.மீ. பாதையை 87ஆல் வகுத்தால் 16.5 மி.மீ. வருகிறது; கணக்கு நேராக இருக்கிறது. ஓ.ஓ. பிரிட்டனில் வளர்ந்தது. அந்த நாட்டு இன்ஜின்கள் அசலிலேயே சற்று ஒடுக்கமானவை. அக்கால மோட்டார்கள் அவற்றின் எச்.ஓ. மாதிரிக்குள் அடங்கவில்லை. ஆகவே மேல்கூட்டை மட்டும் 1:76.2 அளவுக்குப் பெரிதாக்கிவிட்டு, தண்டவாளத்தை 16.5 மி.மீ.யிலேயே விட்டுவிட்டார்கள். முறைப்படி அது 18.83 மி.மீ. இருக்க வேண்டும். அதாவது அசல் ரயிலின் கணக்கில் பார்த்தால், ஓ.ஓ. ரயில் தனக்கு உரியதைவிட ஏறக்குறைய 18 செ.மீ. குறுகிய பாதையில் ஓடுவதாக அர்த்தம். இதைப் பொறுக்க முடியாமல் 18.83 மி.மீ. பாதையைக் கையாலேயே அமைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பொறுமைக்கு என் வணக்கம்; எனக்கு அது வராது.

உங்களுக்கு இடிப்பது எது என்று பார்க்க ஒரு சோதனை. இன்ஜினுக்குள் ஓட்டுநர் பொம்மை இருந்தால் எடுத்து, எச்.ஓ. நடைமேடைப் பயணிக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். 1.75 மீட்டர் மனிதர் எச்.ஓ.வில் 20 மி.மீ., ஓ.ஓ.வில் 23 மி.மீ. இடையில் உள்ள 3 மி.மீ. ஏறக்குறைய ஒரு தலையின் உயரம். எல்லாப் பயணிகளையும்விட ஒரு தலை உயர்ந்த ஓட்டுநர்! கதவுகளும் சன்னல்களும் அதே கதைதான்.

இன்ஜினைத் திருப்பித் தர வேண்டியதில்லை. அதற்கு ஓ.ஓ. பெட்டிகள் இரண்டு மூன்று வாங்கித் தனி ரயிலாக ஓட்டுங்கள். சரக்குப் பெட்டிகள் அசலிலேயே பல அளவுகளில் இருப்பதால், அவற்றைக் கலந்தாலும் கண்ணை அவ்வளவாக உறுத்தாது. பயணிகள் பெட்டிகளை மட்டும் கலக்காதீர்கள்.

கேள்வி: மாதிரி ரயிலில் 'என்' (N) என்று போட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?

பதில்: கண்ணைத் திறந்தே வாங்குங்கள். 'என்' என்பது 9 மி.மீ. கேஜ் என்ற உறுதியை மட்டும்தான் தருகிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அது 1:160, பிரிட்டனில் 1:148, ஜப்பானில் பெரும்பாலும் 1:150. ஜப்பானின் பழைய பாதைகள் 1067 மி.மீ. அகலமே என்பதால் அந்த மாதிரிகளுக்கு 9 மி.மீ. தண்டவாளம் சற்று அகலம்தான். ஜப்பானின் அதிவேக ரயிலான ஷின்கான்சென் ஓடுவது 1435 மி.மீ. பாதையில், அதன் மாதிரிகள் 1:160இல் வருகின்றன. அட்டைப்பெட்டியில் எழுத்தைப் படித்த பிறகு ஸ்கேல் எண்ணைத் தேடுங்கள். எண் இல்லை என்றால் கேளுங்கள்.

கேள்வி: தோட்டத்தில் ஓட்ட 'ஜி' (G) ரயில் வாங்கப்போகிறேன். வெவ்வேறு நிறுவனங்களின் வண்டிகளைச் சேர்த்து ஓட்டலாமா?

பதில்: ஓட்டலாம், எல்லாமே 45 மி.மீ. தண்டவாளம். ஆனால் மாதிரி ரயில் உலகில் 'ஜி' அளவுக்குக் குழப்பிய எழுத்து வேறு இல்லை. எல்.ஜி.பி. (LGB) என்ற ஜெர்மன் மாதிரி ரயில் பிராண்டு 1968இல் கொண்டுவந்தது மீட்டர்கேஜ் ரயிலின் 1:22.5 மாதிரி. அதே 45 மி.மீ.யில் 1:32, 1:29, 1:20.3 மாதிரிகளும் ஓடுகின்றன. 1:32 வண்டியை 1:20.3 வண்டியோடு இணைத்தால் தாத்தாவும் பேரனும் கைகோத்து நடப்பதுபோல் இருக்கும்.

கேள்வி: ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் செய்த பழைய எச்.ஓ. பெட்டிகள் சில கைக்கு வருகின்றன. கேஜும் ஸ்கேலும் என்னுடையவைதான். வாங்கலாமா?

பதில்: கேஜும் ஸ்கேலும் ஒத்துப்போயும் சிக்கல் வரும் இடம் இது. மார்க்லின் முறையில் மின்சாரம் இரு தண்டவாளங்களுக்கு நடுவே வரிசையாக உள்ள சிறு உலோகப் புள்ளிகள் வழியாக வருகிறது. இரண்டு தண்டவாளங்களும் சேர்ந்து அது திரும்பிப் போகும் மறுமுனை. ஆகவே அச்சின் இரு சக்கரங்களையும் மின்காப்புச் செய்து பிரிக்கத் தேவையில்லை. உங்களுடையது சாதாரண இரு தண்டவாள முறை என்றால், அந்தப் பெட்டியை வைத்தவுடன் ஷார்ட் சர்க்யூட் ஆகும். மின்காப்புள்ள சக்கரங்களை மாற்றினால் ஓடும். அந்தச் செலவையும் சேர்த்துப் பார்த்து விலை பேசுங்கள். கொக்கியும் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம் உள்ள மேசைதான் இருக்கிறது. எச்.ஓ. வட்டப்பாதை போட முடியுமா?

பதில்: முடியாது. எச்.ஓ.வில் வழக்கமான சிறிய வளைவின் ஆரமே 36 செ.மீ.; வட்டம் 72 செ.மீ.க்கு மேல் போய்விடும். 'என்' வளைவு ஏறக்குறைய 25 செ.மீ. ஆரத்திலேயே திரும்பிவிடும். முதலில் மேசையில் செய்தித்தாளை விரித்து, நூலில் பென்சிலைக் கட்டி வட்டம் போட்டுப் பாருங்கள். விளிம்பிலிருந்து வண்டி விழாமலிருக்க ஓரத்தில் இரண்டு விரல் இடமும் விடுங்கள்.