எஃப்.சி. முடிந்த வண்டி, பெயர் மாறாத ஆர்.சி.: சோதனைக்கு எங்கே காட்டுவது?

கேள்வி: ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் கமிஷன் கடை நடத்துகிறேன். சென்ற ஆண்டு ஈரோட்டுக்காரர் ஒருவரிடமிருந்து ஒன்பது வருடம் ஓடிய டாடா ஏஸ் வண்டியை வாங்கினேன். ஆர்.சி. இன்னும் அவர் பெயரிலேயே இருக்கிறது. எஃப்.சி. இரண்டு வருடத்துக்குச் செல்லும் என்று அவர் சொன்னதால் நானும் கவனிக்கவில்லை. சென்ற வாரம் வாகனச் சோதனையில் நிறுத்தியபோதுதான் எஃப்.சி. முடிந்து நான்கு மாதம் ஆகிவிட்டது தெரிந்தது. அபராதம் கட்டிவிட்டேன். ரசீதைக் காட்டி இன்னும் சில நாள் ஓட்டலாம் என்கிறார்கள். சின்ன வண்டிக்குப் பர்மிட்டே தேவையில்லை, பிறகு எஃப்.சி. எதற்கு என்றும் சிலர் கேட்கிறார்கள். வண்டியைக் கொண்டுபோகாமலே எஃப்.சி. வாங்கித் தருவதாக ஒரு புரோக்கர் சொல்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்? சோதனைக்கு ஈரோட்டுக்கே போக வேண்டுமா? (வாசகர், ஒட்டன்சத்திரம்)

பதில்: தங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் சொல்ல வேண்டியது, வண்டியை இன்றே நிறுத்திவிடுங்கள் என்பதுதான். எஃப்.சி. என்று நாம் பேச்சு வழக்கில் சொல்லும் தகுதிச் சான்றிதழைக் கொஞ்சம் தாமதமாகப் புதுப்பித்தாலும் பரவாயில்லாத ஒரு காகிதமாகத்தான் பலர் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 56-ஆவது பிரிவின்படி, செல்லத்தக்க தகுதிச் சான்றிதழ் இல்லாத போக்குவரத்து வாகனம், அதாவது வாடகைக்கோ சரக்கு ஏற்றவோ பயன்படும் வாகனம், பதிவில்லாத வாகனத்தை ஓட்டக் கூடாது என்னும் 39-ஆவது பிரிவின் நோக்கத்துக்கு முறையாகப் பதிவு செய்யப்பட்டதாகவே கருதப்படாது. ஆகவே கடந்த நான்கு மாதங்களாகத் தாங்கள் ஓட்டியது, சட்டத்தின் பார்வையில், பதிவே இல்லாத வண்டி.

அபராதம் எந்தப் பிரிவில் வந்தது என்பதும் இதிலிருந்தே விளங்கும். 39-ஆவது பிரிவை மீறி வாகனத்தை ஓட்டுவதற்கும் ஓட்ட அனுமதிப்பதற்கும் 192-ஆவது பிரிவு, முதல் முறை 2,000 ரூபாய்க்குக் குறையாமல் 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. மீண்டும் அதே குற்றத்தைச் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய்க்குக் குறையாமல் 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். 207-ஆவது பிரிவின் கீழ் வண்டியைப் பிடித்து வைக்கவும் அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு. கட்டிய ரசீது அன்றைய குற்றத்துக்கு மட்டுமே பதில் சொல்லும். மறுநாள் ஓட்டுவதற்கு அது அனுமதி ஆகாது. "ரசீது இருந்தால் ஓட்டலாம்" என்று சொல்பவர்களில் ஒருவரும் இரண்டாவது முறை பிடிபடும்போது தங்களுக்குப் பக்கத்தில் நிற்கப் போவதில்லை. நோயாளியையோ காயமடைந்தவரையோ அவசரமாக ஏற்றிச் செல்வது போன்ற நிலைகளுக்கு மட்டும் 192-ஆவது பிரிவே விலக்கு அளிக்கிறது; அப்போதும் ஏழு நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். சந்தைக்குத் தக்காளி ஏற்றிச் செல்வது அந்த விலக்கில் வராது.

பர்மிட் பற்றித் தங்களுக்குச் சொல்லப்பட்டதில் பாதி உண்மை. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வாகனத்துக்குப் பர்மிட் தேவையில்லை என்று 66-ஆவது பிரிவே சொல்கிறது. டாடா ஏஸ் அந்த வரம்புக்குள்தான் வருகிறது. ஆனால் பர்மிட் வேறு, தகுதிச் சான்று வேறு. முன்னது எங்கே, எதற்காக ஓட்டலாம் என்பதைப் பற்றியது. பின்னது அந்த வண்டி சாலையில் பிறர் உயிருக்கு ஆபத்தின்றி ஓடும் நிலையில் இருக்கிறதா என்பதைப் பற்றியது. அதில் சின்ன வண்டிக்கு எந்தச் சலுகையும் இல்லை.

"இரண்டு வருடம்" என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பழைய வண்டி வாங்கும் பலர் இங்கேதான் சிக்குகிறார்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் 62-ஆவது விதி 2018-இல் திருத்தப்பட்டதிலிருந்து, எட்டு ஆண்டு வரையிலான போக்குவரத்து வாகனத்துக்குச் சான்று இரண்டு ஆண்டுகளுக்கும், எட்டு ஆண்டைத் தாண்டியதற்கு ஓராண்டுக்கும் புதுப்பிக்கப்படுகிறது. விற்றவர் தம் அனுபவத்தில் இரண்டு ஆண்டு என்று சொல்லியிருக்கலாம். எட்டு வயதைக் கடந்த தங்கள் வண்டிக்கு இனி ஒவ்வோர் ஆண்டும் சோதனை உண்டு. சொந்தப் பயன்பாட்டுக் கார், இருசக்கர வாகனம் வைத்திருப்போருக்கு இந்த ஆண்டுச் சோதனை இல்லை. அவர்களின் பதிவு பதினைந்து ஆண்டுக்குச் செல்லும், அதன் பிறகு வண்டியைக் காட்டி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும்.

அபராதத்தைவிடப் பெரிய கவலை காப்பீடு. வழியில் ஒரு விபத்து நடந்திருந்தால் தங்கள் நிலை என்னவாகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதை விரிவாக எழுதுகிறேன். மூன்றாம் தரப்பினருக்கு இழப்பீடு வழங்கும் பொறுப்பிலிருந்து காப்பீட்டு நிறுவனம் எந்தெந்தக் காரணங்களைக் காட்டி விலக முயலலாம் என்று 150-ஆவது பிரிவு ஒரு பட்டியல் தருகிறது. அதில் தகுதிச் சான்று இன்மை பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. ஆயினும், 2018-இல் கேரள உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, தகுதிச் சான்று இல்லாமல் ஓட்டுவது அடிப்படையான மீறல் என்று கருதி, பாதிக்கப்பட்டவருக்கு நிறுவனம் பணத்தைக் கொடுத்துவிட்டு வாகன உரிமையாளரிடமிருந்து அதைத் திரும்ப வசூலிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. வேறு உயர் நீதிமன்றங்களில் மாறுபட்ட தீர்ப்புகளும் உண்டு என்றாலும், அந்தச் சர்ச்சையைத் தங்கள் வீட்டையும் கடையையும் பணயம் வைத்துத் தீர்த்துக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. தங்கள் வண்டிக்கே சேதம் ஏற்பட்டாலோ திருட்டுப் போனாலோ நிலைமை இன்னும் கடினம்: தற்காலிகப் பதிவு காலாவதியான ஒரு கார் திருடுபோன வழக்கில், செல்லத்தக்க பதிவு இல்லாததையே காரணம் காட்டி நிறுவனம் இழப்பீட்டை மறுத்தது சரியே என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. எஃப்.சி. இல்லாத வண்டி பதிவில்லாத வண்டியாகிறது என்ற 56-ஆவது பிரிவின் வாசகத்தை இந்தத் தீர்ப்போடு சேர்த்துப் படித்தால், நிறுவனத்தின் வழக்கறிஞர் என்ன வாதிடுவார் என்பது தெளிவு.

ஆர்.சி. பெயர் மாறாததும் இதோடு சேர்ந்த பிரச்சினைதான். 50-ஆவது பிரிவின்படி வாங்கியவர் முப்பது நாளுக்குள், தாம் வசிக்கும் அல்லது தொழில் செய்து வண்டியை வழக்கமாக நிறுத்தும் இடத்துக்குரிய பதிவு அலுவலகத்தில் மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். விற்றவரும் தம் பங்குக்குப் படிவம் 29-இல் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். வண்டி கைமாறிய பிறகும் பதிவேட்டில் பெயர் உள்ளவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பாளி என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதால், பெயர் மாற்றம் அவருக்கும் பாதுகாப்பே. இதை எடுத்துச் சொன்னால் தயங்கும் விற்பனையாளரும் கையெழுத்துப் போட முன்வருவார் என்பது என் அனுபவம். பாலிசி இன்னும் அவர் பெயரில் இருந்தால், 157-ஆவது பிரிவு சொல்லும் பதினான்கு நாள் கெடு கடந்திருந்தாலும், காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் விண்ணப்பித்துத் தங்கள் பெயரைச் சேருங்கள்.

இனி, சோதனைக்கு எங்கே காட்டுவது என்ற கேள்வி. பெட்ரோல் பங்க் ஓரம் இருக்கும் புகைச் சோதனை நிலையத்தை எஃப்.சி. நிலையம் என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு; அங்கே கிடைப்பது மாசுக் கட்டுப்பாட்டுச் சான்று மட்டும். எஃப்.சி.க்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலோ அதன் பகுதி அலுவலகத்திலோ மோட்டார் வாகன ஆய்வாளரிடம், பேச்சு வழக்கில் பிரேக் இன்ஸ்பெக்டரிடம், வண்டியைக் காட்ட வேண்டும். பதிவு அலுவலகத்தின் எல்லைக்குள் அங்கீகரிக்கப்பட்ட தானியங்கிச் சோதனை நிலையம் இயங்குமானால் அங்கே காட்ட வேண்டும். ஆட்களின் கண் மதிப்பீட்டுக்குப் பதிலாக, சக்கரங்களை உருளைகளின் மேல் ஏற்றி பிரேக் பிடிக்கும் விசையைக் கருவியே அளப்பது போன்ற முறையில் இந்த நிலையங்கள் இயங்குகின்றன. எது தங்களுக்கு உரியது என்பதை மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வாகன எண்ணைக் கொடுத்துத் தகுதிச் சான்று புதுப்பித்தலுக்கு விண்ணப்பிக்கும்போதே அறியலாம். மாநிலப் போக்குவரத்துத் துறையின் தளத்தில் அலுவலகங்களின் முகவரிகளும் எல்லைகளும் இருக்கின்றன.

தங்கள் வண்டி ஈரோட்டுப் பதிவில் இருப்பதால், விண்ணப்பம் இப்போதைக்கு அந்த அலுவலகத்தின் பெயரிலேயே திறக்கும். ஒருமுறைக் கடவுச்சொல்லும் விற்றவரின் கைபேசிக்கே போகும். இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, விற்றவரின் ஒத்துழைப்போடு ஈரோட்டிலேயே சோதனையை முடித்து, சான்று கையில் வந்ததும் பெயரையும் முகவரியையும் தங்கள் பகுதி அலுவலகத்துக்கு மாற்றுவது. இன்னொன்று, வண்டி இருக்கும் இடத்திலேயே காட்ட அனுமதி கேட்டு, இரு அலுவலகங்களிடமும் எழுத்தில் விண்ணப்பிப்பது. விற்றவர் எளிதில் கிடைப்பவர் என்றால் முதல் வழியே விரைவானது என்று நான் கருதுகிறேன். ஆனால் ஒட்டன்சத்திரத்திலிருந்து தாராபுரம் வழியாக ஈரோடு வரை அந்த வண்டியைத் தாங்களே ஓட்டிச் செல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சோதனைக்கான முன்பதிவுச் சீட்டு கையில் இருப்பது பதிவின்மையைப் போக்காது. அலுவலகத்தில் எழுத்து அனுமதி பெறுங்கள், கிடைக்காவிட்டால் வேறு வாகனத்தில் ஏற்றிச் செல்லுங்கள். அந்தச் செலவு கசப்பானதுதான், ஆனால் வழியில் ஒரு விபத்து நடந்தால் வரும் இழப்புக்கு முன் அது சிறியதே.

விண்ணப்பத்துக்கு முன்பே வாகன வரி, காப்பீடு, புகைச் சான்று மூன்றும் நடப்பில் உள்ளனவா, கட்டாத இ-சலான் ஏதேனும் நிற்கிறதா என்று அதே தளத்தில் பார்த்துவிடுங்கள். இவற்றில் ஒன்று நின்றாலும் விண்ணப்பம் நகராது. தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் ஐம்பது ரூபாய் கூடுதல் கட்டணம் மத்திய விதிகளில் உள்ளதால், நான்கு மாதத்துக்கு அது கணிசமான தொகையாகும். ஒத்திப்போட ஒத்திப்போட அது ஏறும்.

வண்டியையும் தயார் செய்யுங்கள். ஹெட்லைட்டின் வெளிச்சம் சரியான உயரத்தில் விழுகிறதா, இண்டிகேட்டரும் பிரேக் விளக்கும் எரிகின்றனவா, பின்பக்கமும் பக்கவாட்டிலும் ஒளிரும் பட்டைகள் ஒட்டியிருக்கின்றனவா, வைப்பரும் ஹாரனும் வேகமானியும் வேலை செய்கின்றனவா, கை பிரேக் சரிவில் பிடிக்கிறதா, கண்ணாடியில் ஃபாஸ்டாக் இருக்கிறதா என்பதை முந்தைய நாளே மெக்கானிக்கோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். காய்கறிக் கூடைகளை அதிகம் ஏற்றுவதற்காகப் பலகையை உயர்த்திக் கட்டியிருந்தாலோ, பல சுருதி ஏர்ஹாரன் மாட்டியிருந்தாலோ அகற்றிவிடுங்கள். பதிவில் இல்லாத மாற்றம் 52-ஆவது பிரிவின் கீழ் தனியே ஒரு பிரச்சினையாகும்.

புரோக்கர் சொன்னதைப் பற்றி அழுத்தமாகவே எழுதுகிறேன். வண்டியைக் காட்டாமல் வாங்கும் சான்று இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்: போலியாக அச்சிட்டது, அல்லது லஞ்சம் கொடுத்து எழுதி வாங்கியது. முதலாவதைத் தெரிந்தே உண்மை ஆவணம் போலப் பயன்படுத்துவது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 340-ஆவது பிரிவில் வரும் குற்றம். இரண்டாவதில், 2018-இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டத்தின் 8-ஆவது பிரிவின் கீழ் லஞ்சம் கொடுப்பவருக்கும் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. வற்புறுத்தப்பட்டுக் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் மட்டும் அந்தப் பிரிவு அவரைக் காக்கும். யாரேனும் பணம் கேட்டால் கொடுப்பதற்கு முன்பே ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககத்தில் புகார் கொடுக்கலாம். இவை எல்லாவற்றுக்கும் மேல், பிரேக் பிடிக்காத வண்டிக்குச் சான்று வாங்கினால் அந்த வண்டியில் உட்காருபவர் தங்கள் ஓட்டுநர்.

சோதனையில் வண்டி தேறாவிட்டால் கலங்க வேண்டாம். மறுப்பதற்கான காரணங்களை உரிமையாளருக்கு எழுத்தில் தர வேண்டும் என்று 56-ஆவது பிரிவே கட்டளையிடுகிறது. "சரியில்லை, அடுத்த வாரம் வாங்க" என்ற வாய்ச் சொல்லோடு திரும்பி வராமல், என்ன குறை என்பதை எழுதித் தரக் கேளுங்கள். மரியாதையோடு கேளுங்கள், ஆனால் கேட்காமல் வராதீர்கள். குறையைச் சரிசெய்து மீண்டும் காட்டலாம். மறுப்பே தவறு என்று தோன்றினால், பதிவு அலுவலகத்தின் ஆணை தங்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் 57-ஆவது பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். இரு தரப்பையும் கேட்ட பிறகே அதில் முடிவெடுக்க வேண்டும். தானியங்கி நிலையத்தின் முடிவுக்கு, அந்த நிலையங்களுக்கான விதிகளிலேயே மறுசோதனையும் மேல்முறையீடும் தனியே வகுக்கப்பட்டிருக்கின்றன.

விற்றவர் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்திட மறுத்தாலோ தொடர்பில் இல்லாமல் போனாலோ, விற்பனை ஒப்பந்தம், பணம் கொடுத்த வங்கிப் பதிவு, காப்பீட்டுப் பத்திரம், இ-சலான் ரசீது ஆகியவற்றின் நகல்களோடு மீண்டும் எழுதுங்கள். அவருக்கு அனுப்ப வேண்டிய வழக்கறிஞர் அறிவிப்பை எப்படி அமைப்பது என்பதை அந்த ஆவணங்களைப் பார்த்த பிறகே சொல்ல முடியும்.